கோவலனைக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் இலக்கிய மன்றங்கள் நடத்தும் பெரியோர்களுக்கும், வழக்காடு மன்றங்களில் நடுவராக அமரும் அறிஞர்களுக்கும், கல்லூரிகளில் முத்தமிழ் விழா எடுக்கும் தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறக்கப்போகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் சேலத்தில் தெருவுக்கொரு மேடை எழும். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டத்தைப் போல அவ்வளவு பெரிய கூட்டம் இல்லையென்றாலும், வழக்காடு மன்றத்துக்கென்று நம் ஊரில் நாற்காலி பிடித்து உட்காரும் கூட்டம் இன்னும் இருக்கிறது. அந்த மேடைகளில் சிலப்பதிகாரம் வரும்போதெல்லாம் தலைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: குற்றவாளி யார், கோவலனா, பாண்டியனா, பொற்கொல்லனா? தீர்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பாண்டியன் உயிரை விட்டுப் பெருமை தேடிக்கொண்டான், பொற்கொல்லன் பாவி, எல்லாவற்றுக்கும் வேர் கோவலனின் ஒழுக்கக்கேடு. அதோடு கைதட்டல், பொன்னாடை, நன்றியுரை.

இந்தத் தீர்ப்பை மறு ஆய்வு செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள். தமிழ் முதுகலை படித்தவள். எங்கள் வீட்டில் சிலப்பதிகாரப் புத்தகத்தின் ஓரங்களில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும், ஏனென்றால் வேலைக்கு நடுவே எடுத்துப் படிக்கிற நூல் அது.

சென்ற ஆண்டு ஒரு மேடை. எந்த மன்றம் என்பது வேண்டாம், இது ஒருவரோடு போகிற வழக்கமும் அல்ல. கோவலன் தரப்பில் பேச ஒரு கல்லூரி மாணவன் வந்திருந்தான். கையில் குறிப்புச் சீட்டுக்கூட இல்லை. அடைக்கலக் காதையின் வரிகளை மனப்பாடமாக அடுக்க ஆரம்பித்தான். மாடலன் என்ற பெயரைச் சொன்னதும் நடுவர் மணியை அடித்தார். "தம்பி, அதெல்லாம் கிளைக்கதைங்க. வழக்குக்கு வாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. பையன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடிவிட்டு இறங்கிப் போனான். அடுத்து வந்தவர் மாதவி வீட்டைப் பற்றி நாலு நகைச்சுவை சொல்லி அரங்கைக் குலுக்கினார்.

கிளைக்கதை என்று ஒதுக்கப்பட்ட அந்த இடம்தான் கோவலன் வழக்கில் இளங்கோவடிகள் பதிவு செய்து வைத்திருக்கும் சாட்சி வாக்குமூலம். நூலின் 15ஆவது காதை அது. 16ஆவது காதையில் அவன் வெட்டுப்பட்டு விழுகிறான். சாவுக்கு ஒரு காதைக்கு முன்னால், மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில், அவனைப் பல காலம் அறிந்த மாடல மறையோன் எதிர்ப்பட்டு, "உன்னை எனக்குத் தெரியும்" என்று அவன் வாழ்க்கையையே எடுத்துச் சொல்கிறான்.

மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் தானம் வாங்க ஒரு முதிய அந்தணர் தடியூன்றி வருகிறார். மதம் பிடித்த யானை அவரைத் துதிக்கையில் பிடித்துக்கொள்கிறது. கோவலன் பாய்ந்து அவரை விடுவித்து, யானையின் பிடரியில் ஏறி அதை அடக்குகிறான். பிள்ளையைக் காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிட்ட ஒரு பார்ப்பனப் பெண்ணைக் கணவன் விட்டுப் போய்விடுகிறான். அவள் பாவம் தீரத் தானம் செய்து, காட்டுக்குப் போன கணவனைத் தேடிப் பிடித்து, பொருளும் கொடுத்து இருவரையும் சேர்த்து வைக்கிறான். கருணை மறவன், செல்லாச் செல்வன் என்று இவற்றுக்காக மாடலன் அவனை அழைக்கிறான். இந்த இரண்டையும் விரைந்து சொல்லிப் போகிறேன். மூன்றாவதில்தான் நான் நின்றுவிடுவது வழக்கம்.

பத்தினி ஒருத்தியின் மேல் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்கிறான். பொய்க்கரி புகல்வோரைப் பிடித்து உண்ணும் சதுக்கப் பூதம் அவனைப் பாசத்தால் கட்டுகிறது. அவன் தாய் கதறுகிறாள். அந்தக் கதறல் பொறுக்காமல் கோவலன் பாசத்துக்குள் புகுந்து பூதத்திடம் கேட்கிறான்: "என்னுயிர் கொண்டீங்கு இவனுயிர் தா." பூதம் மறுக்கிறது. "நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு பரகதி இழக்கும் பண்பு ஈங்கு இல்லை" என்கிறது. தீயவன் உயிருக்கு மாற்றாக நல்லவன் உயிரை வாங்கி மேலான கதியை இழக்க மாட்டேன் என்று பொருள். நல்லுயிர் என்று சொன்னது ஊரார் அல்ல, பொய் சொல்பவரைத் தின்னும் பூதம். பிறகு அந்தப் பொய்யனின் தாயையும் சுற்றத்தையும் தன் உறவாகக் கருதிப் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறான் கோவலன். இல்லோர் செம்மல், அதாவது இல்லாதவர்களின் தலைவன், என்ற பெயர் அதனால் வந்தது.

பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க வந்தவன், அடுத்த காதையிலேயே ஒரு பொய்ச்சாட்சியால் உயிர் இழக்கிறான். அவசரத்தில் செய்த ஒரு கொலையின் துயரத்தைத் துடைத்தவன், ஒரு மன்னன் அவசரத்தில் இட்ட கட்டளையால் சாகிறான். இளங்கோ இவற்றை அருகருகே வைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. இதைக் கிளைக்கதை என்று தள்ளினால் கோவலனின் சாவு வெறும் செய்தியாகிவிடும். இதைச் சேர்த்துப் படித்தால்தான் அது அவலக் காப்பியமாகிறது.

அவன் செய்த தவற்றுக்கு நான் வாதாட வரவில்லை. ஒரு பெண்ணாக அது எனக்கு முடியவும் முடியாது. ஆனால் அவன் மேல் இருக்கும் குற்றப்பத்திரிகையை அவனே எழுதியிருக்கிறான் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குல மாதரியின் வீட்டில் கண்ணகி சமைத்துக் குருத்து வாழையிலை விரித்துப் பரிமாறிய பிறகு, அவளை அருகில் அழைத்து அவன் பேசுவதைப் பாருங்கள்:

"வறுமொழி யாளரொடு வம்பப் பரத்தரொடு
குறுமொழிக் கோட்டி நெடுநகை புக்குப்
பொச்சாப் புண்டு பொருளுரை யாளர்
நச்சுக்கொன் றேற்கு நன்னெறி உண்டோ
இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன்
சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்"

வீணர்களோடு கூடிச் சிரித்துத் திரிந்தேன், பெரியவர் சொல்லைக் கெடுத்தேன், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தவறினேன், சின்ன வயதிலேயே பெரிய அறிவு படைத்த உனக்குச் சிறுமை செய்தேன் என்று வரிசையாக ஒப்புக்கொள்கிறான். ஒரு சமாதானம் உண்டா அதில்? மாதவி மயக்கிவிட்டாள் என்ற பேச்சு உண்டா? கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரி கேட்டு எழுந்து வந்தபோது "மாயத்தாள்" என்று மாதவியைச் சொன்னவன்தான் அவன். ஆனால் வழியில் கோசிகமாணி என்னும் அந்தணன் கொண்டுவந்து கொடுத்த அவள் கடிதத்தைப் படித்தவுடன் "தன்தீது இலள்" என்றும் "என்தீது" என்றும் உணர்ந்துவிட்டான். புறஞ்சேரி இறுத்த காதையில் இருக்கிறது அந்த இடம். அவளுடைய அந்தக் கடிதத்தையே தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லி அனுப்பவும் செய்கிறான்.

"யானோ அரசன் யானே கள்வன்" என்ற ஒற்றை அடிக்குப் பாண்டியனை நாம் காலமெல்லாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கண்ணகி வந்து சிலம்பை உடைத்து மெய்ப்பித்த பிறகு வந்த வரி அது. கோவலனை யாரும் கூண்டில் நிறுத்தவில்லை, யாரும் சிலம்பை உடைக்கவில்லை. தானே உணர்ந்தான், மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். ஒருவன் தன்னைக் குற்றவாளி என்றால் பெருமை, இன்னொருவன் சொன்னால் காதில் விழாது என்பது என்ன நடுவுநிலை?

அவனைக் குற்றம்சாட்ட விரும்பும் வழக்கறிஞருக்கும் நூலிலேயே உரிய சொல் இருக்கிறது. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்", பெரியோர் விரும்பாத ஒழுக்கத்தைச் செய்தீர், என்கிறாள் கண்ணகி. மூன்றே சொல். உரிமை உள்ளவள் சொன்ன சொல். அதைவிடக் கூர்மையாக மாதவி வீட்டு நகைச்சுவைகள் இருக்க முடியாது. அப்படிச் சொன்னவளேதான் சிலம்பை எடுத்துக் கொடுத்தாள், கூடவும் நடந்தாள், அவனுக்காக மதுரையையும் எரித்தாள்.

இனி எங்கள் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இதை வேறு யாரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் பட்டறையில் கொலுசு ஒன்று திரும்பி வந்தால் என் மாமனார் அதைக் கையில் வாங்கியதும் முதலில் வெளிச்சத்தில் பிடிக்க மாட்டார். உள்ளங்கையில் போட்டு இரண்டு தரம் குலுக்குவார். பிறகு கொக்கி அருகே பற்றவைத்த இடத்தை நகத்தால் தடவுவார். "இது நம்ம கை வேலை இல்லீங்க" என்றோ, "நம்முளுதுதான், பத்தவைக்கிற பொடி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றோ சொல்லிவிடுவார். டச் என்னும் வெள்ளியின் தரம் பார்ப்பதும் தராசில் போடுவதும் அதற்கப்புறம்தான். பல வருஷம் இந்த வேலையில் உட்கார்ந்த யாருக்கும் இது வரும். அவர் மட்டும் விசேஷமானவர் அல்ல.

இப்போது கொலைக்களக் காதையைப் பாருங்கள். மதுரைத் தெருவில் கோவலன் பொற்கொல்லனைச் சந்திக்கும்போது அவன் தனியாக வரவில்லை. "நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர" வருகிறான். நுணுக்க வேலை தெரிந்த நூறு பேர். கோவலன் கொண்டுபோன சிலம்போ வயிரமும் மணியும் வரிசையாகப் பதித்த பசும்பொன் வேலை, உள்ளே கூடு, அதில் குலுங்கி ஒலிக்கும் பரலாக மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். மாணிக்கம் முத்தைவிடக் கனம். பரல் வேறு என்றால் குலுக்கும்போது ஓசையும் வேறு. உடைக்கத் தேவையே இல்லை. அந்த நூறு பேரில் ஒருவரைக் கூப்பிட்டு, இது அரண்மனைச் சிலம்புதானா என்று பாண்டியன் கேட்டிருந்தால் அன்று மாலையே கோவலன் மாதரி வீட்டுக்குத் திரும்பியிருப்பான். கேட்கவில்லை. ஊடிப்போன தேவியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில், "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

காவலர்களுக்கே மனம் ஒப்பவில்லை. "கொலைப்படு மகன் அலன்" என்று தோற்றத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர் கையாளும் எட்டு வழிகளை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். அவ்வளவு பேச்சு நடக்கும் அந்த இடத்தில் கோவலன் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. உயிரோடு இருக்கும்போது அவன் குரல் கடைசியாகக் கேட்பது பொற்கொல்லனிடம், அரசி அணியத் தகுந்த இந்தக் காற்சிலம்புக்கு விலை போட முடியுமா என்று கேட்டபோது. அதற்குப் பிறகு வாளின் ஓசைதான். கல்லாத களிமகன் ஒருவன் வெட்டிவிட்டான்.

யானைப் பிடரியில் ஏறியவன் அவன். நாலு காவலர்களுக்கு அஞ்சி நின்றிருப்பான் என்று நினைக்கிறீர்களா? சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் என்று பொற்கொல்லன் சொன்னதை நம்பி நின்றான். வெட்டு விழும் வரை தன்மேல் ஒரு வழக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. எனவேதான் உங்கள் கூண்டைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை. நூலில் கேட்காமல் கொன்றார்கள். மேடையில் கேட்பதாகச் சொல்லிவிட்டுச் சாட்சியை மணியடித்து இறக்கிவிடுகிறோம்.

பொற்கொல்லன் பக்கமும் ஒரு வார்த்தை. நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையில் வருவது உங்களுக்குத் தெரியும். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்றான். அன்று நூறு பேரில் ஒருவரையும் கேட்காமல் ஒருவனைக் கொன்றார்கள். பிறகு ஒருவன் செய்ததற்கு ஆயிரம் பேரைக் கேட்காமல் கொன்றார்கள். அதே கட்டுரையில்தான் கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்து மழை பெற்றதும் வருகிறது. கொங்கு மண்ணில் நடந்த அந்த விழாவை மேடையில் பெருமையாகச் சொல்லும்போது, முந்திய வரியையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கரித்தட்டுக்கு முன் உட்காரும் கொல்லர்கள் பலர் உங்கள் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊழ்வினைக் கட்சிக்காரர்கள் கட்டுரை காதையைத் தூக்கி வருவார்கள். முற்பிறப்பில் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், நகை விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், அந்தச் சங்கமனின் மனைவி நீலியின் சாபமே இது என்று மதுராபதித் தெய்வம் சொல்கிறது. உண்மை, நூலில் இருக்கிறது. இளங்கோவும் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதை நூலின் மூன்று உண்மைகளில் ஒன்றாகவே வைத்தார். ஆனால் அதை வைத்து வழக்கை முடித்துவிட்டால் பாண்டியன் விசாரிக்காமல் விட்டதும் ஊழ், பொற்கொல்லன் திருடியதும் ஊழ் என்றாகிவிடும். கண்ணகி அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் வழக்குரை காதையே இருந்திருக்காது. அவள் "தேரா மன்னா", ஆராயாத மன்னனே, என்றுதான் தொடங்கினாள்.

கோவலனிடம் உண்மையாகவே ஒரு குறை உண்டு, அதை யாராவது மேடையில் எடுத்துப் பேசினால் மகிழ்வேன். அரைகுறையாகக் கேட்டு முழுதாக முடிவெடுப்பான். கடற்கரையில் அவன் காவிரியைப் பாடினான், நம் மேட்டூரில் தேங்கி நிற்கும் அதே காவிரியைத்தான். மாதவி பதிலுக்குப் பாடினாள். அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக அவனே எண்ணிக்கொண்டு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய்விட்டான். வீட்டுக்கு வந்து, குலம் தேடித் தந்த பொருளெல்லாம் போயிற்று, நாணமாயிருக்கிறது என்றான். கண்ணகி "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள், என்றாள். பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லாமல் விடியுமுன் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டான். மதுரையில் எதிரே வந்த முதல் பொற்கொல்லனிடம் சிலம்பை நீட்டினான். பாண்டியனிடமும் அதே குறைதான். ஒரே குறையுள்ள இருவரில் ஒருவன் கையில் செங்கோல் இருந்தது, மற்றவன் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அதனால்தான் இருவருமே என் மனதில் அவலத் தலைவர்களாக நிற்கிறார்கள். ஆனால் கோவலனுக்குத் திருந்திய பிறகு வாழ ஒரு பகல்கூடக் கிடைக்கவில்லை என்பதால் அவன்பால்தான் எனக்கு நெஞ்சு அதிகம் சாய்கிறது.

இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என்று தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொன்னார். இந்த நான்கையும் ஒரே மனிதன்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டுமானால் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்துபோன மாசாத்துவான் மகன் கோவலனைத்தான் பார்க்க வேண்டும். செத்த பிறகும் அவனை இளங்கோ விடவில்லை. ஊர்சூழ்வரியில் கண்ணகி அவனைத் தழுவி அழும்போது அவன் எழுந்து, உன் முகம் கன்றிவிட்டதே என்று கையால் அவள் கண்ணீரைத் துடைத்து, "இருந்தைக்க", நீ இங்கே இரு, என்று சொல்லிப் போகிறான். கூண்டில் நிற்பவனாக மட்டும் அவனைக் காட்டுகிற எந்த மேடையும் இந்த வரியை மக்களிடமிருந்து மறைத்து வைக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த ஆடியில் சிலப்பதிகாரத்தை எடுப்பதானால் தலைப்பை மாற்றுங்கள். "கோவலன் வழக்கைப் பாண்டியன் எப்படி விசாரித்திருக்க வேண்டும்" என்று வையுங்கள். சட்டக் கல்லூரி மாணவர்களையும் அழையுங்கள், நம் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. சாட்சிகளாக மாடலனையும் அந்தக் காவலர்களில் ஒருவரையும் நுண்வினைக் கொல்லர் நூற்றுவரில் ஒருவரையும் ஏற்றுங்கள். கொல்லர் வேடத்துக்கு நடிகர் தேட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறை பட்டறையாக ஆட்கள் இருக்கிறார்கள். சிலம்பு மாதிரி இரண்டு செய்து, ஒன்றில் கனமான பரலும் ஒன்றில் லேசான பரலும் போட்டு, மேடையிலேயே கூட்டத்தின் முன் குலுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு சிலம்பையும் எங்கள் பட்டறையில் கூலி வாங்காமல் செய்து தருகிறோம், மாமனார் சம்மதித்துவிட்டார்.

கோவலன் தரப்புக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த மாணவனைக் கூப்பிடுங்கள். அவன் இப்போது இளம் கல்வியியல் படித்துக்கொண்டிருக்கிறான். அடைக்கலக் காதை இன்னும் அவனுக்கு மனப்பாடம். முழுவதையும் சொல்லி முடிக்க நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக் குடும்பத்துத் தமிழ் மாணவி ஒருத்தி
சேலம்